வன்னிக்கு வாறீங்களா? அந்தப் பட்டியலை முதலில் கிழியுங்கள்

பதிவு நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலை விடுமுறை தொடங்கினால் போதும், "வன்னியில் கட்டாயம் பார்க்க வேண்டிய 10 இடங்கள்" என்று ஒரு பட்டியல் வட்ஸ்அப் குழுமமெல்லாம் சுற்றத் தொடங்கிவிடும். இப்போது அதற்கு ஒரு புது வாலும் முளைத்திருக்கிறது. கட்டில், அடுப்பு எல்லாம் பூட்டிய வானில் வந்து, குளக்கட்டோரம் நிறுத்தி, கூடாரமும் அடித்து இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாமாம். நல்லது, வாருங்கள். வரவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பட்டியலை வாசிக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

கிளிநொச்சியில் விழுத்தப்பட்ட தண்ணீர்த் தாங்கி. அதே ஊரில் ஷெல் துளைத்த கொங்கிரீட் கட்டியும் மேலே பூத்த தாமரையும். ஆனையிறவில் 1991 சண்டையின் புல்டோசர். புதுக்குடியிருப்பில் துவக்கோடு நிற்கும் சிப்பாய் சிலை, பக்கத்தில் பிடிபட்ட படகுகளும் நீர்மூழ்கிகளும். முல்லைத்தீவுக் கரையில் ஃபாரா 3 கப்பல். அந்தக் கப்பல் யாருடையது தெரியுமா? ஜோர்தான் நாட்டுக்காரருடையது. அரிசி ஏற்றிக்கொண்டு போகும் வழியில் 2006 டிசம்பரில் எங்கள் கரையில் தட்டியது. பிறகு அதன் துருவுக்கு முன்னால் நின்று ஆயிரக்கணக்கானோர் படம் எடுத்தார்கள். அதே கரையில் 2009இல் என்ன நடந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் நான்கு அடுக்கு. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து வரிசையில் நின்று இறங்கிப் பார்த்தார்கள். 2013 ஒக்டோபரில் அதையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வைத்துக் காட்டியதும் அவர்கள், தகர்த்ததும் அவர்கள். பக்கத்து ஊர்ச் சனத்திடம் இரண்டுக்கும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சேர், வரலாற்றை மறைக்கச் சொல்றீங்களா?" என்று சிலர் வருவார்கள். இல்லை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த கட்டடத்தின் கூட்டை இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே போனால் குண்டில் தப்பியவர்களே தங்கள் கதையைச் சொல்வதைக் கேட்கலாம். இங்கே தப்பியவன் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறான், வென்றவன் விளக்கம் சொல்கிறான். எங்கள் ஆட்சேபம் அந்த ஒழுங்கில்தான்.

அதே ஏ9 வீதியில், கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் இறங்கிப் படம் எடுத்த பஸ்கள் அந்தத் தாய்மாரைக் கடந்துதான் ஓடின. எந்தப் பட்டியலில் அந்த இடம் இருந்தது? அதே வருடத் தொடக்கத்தில் கேப்பாப்புலவுச் சனம் தங்கள் காணியைக் கேட்டு முகாம் வாசலில் கொட்டில் போட்டுக் குந்தியிருந்தது. அந்த நந்திக்கடல் ஓரத்திலேயே இராணுவம் நடத்தும் சுற்றுலா விடுதி ஒன்று, லகூன்ஸ் எட்ஜ் என்று. காணிக்காரன் தெருவில், சுற்றுலாப் பயணி கடல் பார்த்த அறையில். தங்குகிறவர் கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது என்று கணக்குப் பார்க்க உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்திருக்க வேண்டியதில்லை.

சரி, இது ஒரு பக்கம். இனிச் சொல்லப்போவது எங்கள் தமிழ்ச் சகோதரர்களில் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்ல வேண்டும்.

இந்தப் பட்டியலுக்குப் பதிலாக எங்கள் ஆட்களும் ஒரு பட்டியல் போடுகிறார்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மன், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31 அன்று தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் கல், இரணைமடு, நந்திக்கடல். அருமையான இடங்கள். கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளைப் பொங்கலை வைகாசியில் ஒருமுறை பாருங்கள், சனக்கூட்டம் என்றால் என்ன என்று விளங்கும். ஆனால் இந்தப் பட்டியலிலும் நீராவிப்பிட்டி இல்லை. ஹிஜ்ராபுரம் இல்லை. தண்ணீரூற்று இருந்தாலும் அங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்ற பேச்சில்லை. கிளிநொச்சிக் கரையில் நாச்சிக்குடாவும் இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அதில் முல்லைத்தீவாரும் கிளிநொச்சியாரும் உண்டு. நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் எழுத்துப் படித்த தலைமுறை. உம்மா வாப்பா சொன்ன கிணற்றையும் மாமரத்தையும் கதையாகக் கேட்டு வளர்ந்து, பிறகு கல்வியியற் கல்லூரி முடித்து, ஆசிரியராக இந்த மண்ணுக்குத் திரும்பி வந்தவர்கள். வந்து காணி கேட்டால் "காடு அழிக்கிறார்கள்" என்று ஒரு பட்டம். சுற்றுலாப் படத்தில் இடம் கேட்டால் "இப்ப இது தேவையா?" என்று ஒரு கேள்வி. தேவைதான். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளரெல்லாம் கூடிய மாநாட்டிலேயே இந்த வெளியேற்றம் பற்றிக் கேள்வி எழுந்தது, புலிகளும் பதில் சொன்னார்கள். அன்றைக்குப் பேச முடிந்ததை இன்றைக்கு ஒரு பெயர்ப்பலகையில் எழுத முடியாதா?

ஒரு அரசு தன் வெற்றியை மட்டும் காட்டினால் கோபப்படுகிறோம். அப்படியானால் நாமும் நம் காயத்தை மட்டும் காட்டிவிட்டு, நம்மால் வந்த காயத்தை மறைக்கக் கூடாது.

இனி வருகிறவர்களுக்கு. நீங்கள் கேரவனிலேயே வாருங்கள், பரவாயில்லை. முதல் நிறுத்தம் முறிகண்டி. அங்கே போகச் சொல்லி யாரும் பட்டியல் போட்டதில்லை. ஆனாலும் ஏ9இல் போகிற சாரதி, எந்த மதமாக இருந்தாலும், பிள்ளையாரடியில் வாகனத்தை ஓரம் கட்டாமல் போவது குறைவு. இறங்கினால் மணலில் வறுத்த கச்சான் சூடாகக் கிடைக்கும். அந்தக் கடைகளால் எத்தனை வீட்டில் உலை கொதிக்கிறது! எங்களைக் கேட்டால் வன்னியின் உருப்படியான சுற்றுலாத் திட்டம் அதுதான். அமைச்சு போடாதது, ஆலோசகர் எழுதாதது, ஊர்ச்சனத்தின் கைக்கு நேரே காசு வருவது.

பிறகு இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்துப் பிரித்தானியர் காலத்தில் கட்டிய குளம். அணைக்கட்டில் நின்று படம் எடுத்துவிட்டு ஓடாதீர்கள். வாய்க்கால் வழியே கீழே இறங்கி, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்ற வாக்குவாதத்தை ஒரு கமக்காரரிடம் கேளுங்கள். கிளிநொச்சியை அந்தத் தண்ணீரில்தான் விளங்கலாம். சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. பருவத்தில் போனால் பூநாரைகள் நிற்கும். பிளாத்திக்குப் போத்தலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், அவ்வளவுதான். நந்திக்கடலில் இறாலை வாடியிலேயே மீனவரிடம் வாங்குங்கள். அந்த நீரேரி எவ்வளவு பேரின் கடைசிப் பாதை என்று மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள், சத்தமாகப் பாட்டுப் போடாமல்.

முள்ளியவளைப் பக்கம் வந்தால் எங்கள் ஊர்களுக்கும் வாருங்கள். பார்க்கப் பெரிதாக எதுவுமில்லை. பள்ளிவாசல், திரும்பி வந்தவர்களின் புது வீடுகள், திரும்பாதவர்களின் பற்றை மூடிய வளவுகள். பள்ளித் திண்ணையில் இருக்கும் வயதானவரிடம் ஸலாம் சொல்லி, "1990இல் எந்தப் பாதையால் போனீங்கள்?" என்று கேளுங்கள். தேத்தண்ணி வராமல் அவர் உங்களை விடமாட்டார்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. நாங்களே பிள்ளைகளை கல்விச் சுற்றுலா என்று சீகிரியா, கண்டி, காலி என்று ஏற்றி இறக்குகிறோம். தலதா மாளிகை எல்லாம் பார்க்கட்டும், நல்லது. ஆனால் கற்சிலைமடுவை ஒட்டிப் போகும் பஸ்ஸில் தினமும் வருகிற பிள்ளைக்கு அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தமிழ்ப் பிள்ளைக்கு நீராவிப்பிட்டி தெரியாது. எங்கள் பிள்ளைக்கு முள்ளிவாய்க்கால் தெரியாது. ஒரு தமிழ்ப் பாடசாலையும் ஒரு முஸ்லிம் பாடசாலையும் ஒரே பஸ்ஸில் ஏறி இந்த மூன்று இடத்துக்கும் ஒரு நாள் போனால் டீசல் செலவு சீகிரியாவில் கால்வாசியும் வராது.

கடைசியாகப் பிரதேச சபைக்காரரிடம் மூன்று விசயம். வெளியூர் வாகனம் இரவு நிறுத்த ஓர் இடம், தண்ணீரும் பெண்களுக்குப் பூட்டுள்ள மலசலகூடமும் சேர்த்து. அதை நடத்தும் பொறுப்பு ஊர்ச் சங்கத்துக்கு, சீருடைக்கு அல்ல. ஒவ்வொரு ஊர் வாசலிலும் மூன்று மொழியில் ஒரு பலகை: இங்கே யார் இருந்தார்கள், எப்போது போனார்கள், எப்போது வந்தார்கள். இதில் எது முடியாது, ஏன் முடியாது என்று உறுப்பினர்கள் யாராவது கொமென்ட்டில் எழுதுங்கள். பெயரோடு எழுதுங்கள், பதில் தருகிறோம்.