வீணாகும் வாயுவும் எரிபொருள் ஆகும்

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் இரவும் பகலும் நிலக்கரி எரிகிறது. அதன் மொத்தத் திறன் 1,440 மெகாவாட். அதனால் வீடுகளில் விளக்கு எரிகிறது, ஆலைகள் ஓடுகின்றன.

ஆனால் புகைபோக்கி வழியே இன்னொன்றும் வெளியேறுகிறது. அதுதான் கரியமில வாயு. அது கண்ணுக்குத் தெரியாது. பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வைபோல் பிடித்து வைக்கும். அதனால் வெயில் கூடுகிறது. மழையும் முறை தவறுகிறது.

பக்கத்திலே நாமக்கல். லாரித் தொழிலுக்குப் பேர் போன ஊர். லாரி ஓட டீசல் வேண்டும். அதற்கான கச்சா எண்ணெயில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது.

ஒரு பக்கம் வாயு வீணாகிறது. மறு பக்கம் எரிபொருளுக்குப் பணம் கரைகிறது. அந்த வாயுவையே எரிபொருள் ஆக்கினால் என்ன?

ஆக்கலாம் என்கிறார் பேராசிரியர் செபாஸ்டியன் பீட்டர். பெங்களூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானி அவர். ஆராய்ச்சியை அவர் ஏட்டோடு நிறுத்தவில்லை. 2016-ம் ஆண்டில் தொடங்கிய 'பிரீத் அப்ளைடு சயின்சஸ்' கம்பெனியின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். கரியமில வாயுவைப் பயனுள்ள பொருளாக மாற்ற உலக அளவில் ஒரு போட்டி நடந்தது. 2018-ல் அதன் இறுதிச் சுற்றுக்கு வந்த 10 குழுக்களில் அந்தக் கம்பெனியும் ஒன்று.

இது மந்திரம் அல்ல; கணக்கு. 44 கிலோ கரியமில வாயுவுடன் 6 கிலோ ஹைட்ரஜனைச் சேர்க்க வேண்டும். 32 கிலோ மெத்தனாலும் 18 கிலோ தண்ணீரும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து வைக்க 'வினையூக்கி' என்ற பொருள் தேவை. கல்யாணத் தரகரைப்போல அது இருவரைச் சேர்த்து வைக்கும். பிறகு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும். நல்ல வினையூக்கியைக் கண்டுபிடிப்பதே பேராசிரியரின் வேலை.

மெத்தனாலைப் பெட்ரோலில் கலக்கலாம். 100-க்கு 15 பங்கு கலந்த பெட்ரோல் 2022-ல் அசாம் மாநிலம் தின்சுகியாவில் சோதனையாக விற்பனைக்கு வந்தது. டீசல் லாரிக்கு அது அப்படியே உதவாது. எஞ்சினை மாற்றி அமைக்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, ஹைட்ரஜன். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து அதை எடுக்கலாம். அந்த மின்சாரத்துக்கும் நிலக்கரியை எரித்தால், கூரையைப் பிடுங்கி அடுப்பு எரித்த கதைதான். வெயிலிலும் காற்றிலும் பிறக்கும் மின்சாரமே வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆனால் இன்று செலவு அதிகம். அது குறைந்தால்தான் சாதாரண மக்களுக்குப் பயன்.

இரண்டாவது, மெத்தனால் கொடிய விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிர் குடித்தது. குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. ஆகவே மெத்தனால் உற்பத்தி பெருகினால் காவலும் பெருக வேண்டும். ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல் மின் நிலையம் வழி காட்டியிருக்கிறது. புகையிலிருந்து பிடித்த கரியமில வாயுவில் மெத்தனால் தயாரித்ததாக, அதை நடத்தும் தேசிய அனல் மின் கழகம் 2024-ல் அறிவித்தது.

விந்தியாசலில் முடிந்தது மேட்டூரில் ஏன் முடியாது? சிறிய அளவில் ஒரு சோதனை ஆலை அமைக்கலாம். சேலம், நாமக்கல் கல்லூரி மாணவர்கள் அங்கே தொழில் பழகலாம். எவ்வளவு செலவு, எவ்வளவு லாபம் என்பதை அரசாங்கம் ஒளிக்காமல் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

மெத்தனால் எரியும்போது கரியமில வாயு மீண்டும் வெளிவரும். ஆனால் காற்றில் கலக்கும் முன் அது ஒரு முறை உழைத்துவிட்டுப் போகும். அந்த அளவுக்கு வெளிநாட்டு எண்ணெய் மிச்சம்.

குப்பையை எருவாக்கத் தெரிந்தவன் தமிழ்நாட்டு உழவன். அவனுடைய பிள்ளைகள் புகையையும் பொருளாக்கட்டும்!