பீட்டர் பார்க்கர் பொய் சொல்லட்டும், விடுங்கப்பா!

காமிக்ஸ் ரசிகர்களிடம் ஒரு தீராத பஞ்சாயத்து உண்டு. ஸ்பைடர்மேன் தன் முகமூடியைக் கழற்றி "நான்தான் பீட்டர் பார்க்கர்" என்று ஊருக்குச் சொன்னது சரியா, தப்பா? 2006ல் ஆரம்பித்த சண்டை இது. 2019ல் 'ஃபார் ஃப்ரம் ஹோம்' படத்தின் கடைசியில் மிஸ்டீரியோ அவன் பெயரைப் போட்டு உடைத்ததும் மறுபடி சூடு பிடித்தது. 2021 டிசம்பரில் 'நோ வே ஹோம்' தமிழ் டப்பிங்கோடு வந்த பிறகு, காமிக்ஸ் பக்கத்தைப் புரட்டியே பார்க்காதவர்களும் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

தீர்ப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. "நல்லவனுக்கு எதுக்கு முகமூடி? மடியில் கனமில்லைன்னா வழியில் பயமெதுக்கு?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பழமொழியைப் போல ஏமாற்றும் பழமொழி தமிழில் வேறு இல்லை.

முதலில் கதை. மார்வெலின் 'சிவில் வார்', 2006. மார்க் மில்லர் எழுதி ஸ்டீவ் மெக்நிவன் வரைந்தது. ஸ்டாம்ஃபோர்ட் என்கிற ஊரில் கத்துக்குட்டி ஹீரோக்கள் டிவி நிகழ்ச்சிக்காக வில்லன்களைப் பிடிக்கப் போக, குண்டு மாதிரி வெடிக்கிறான் ஒரு வில்லன். 600 பேருக்கு மேல் சாவு, அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. உடனே அரசாங்கம் சட்டம் போடுகிறது: சக்தி உள்ளவர்கள் எல்லோரும் உண்மைப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அயர்ன் மேன் ஆதரவு, கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பு. டோனி ஸ்டார்க் பேச்சைக் கேட்டு, இரண்டாவது இதழின் கடைசியில் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றுகிறான் பீட்டர்.

'கழற்று' கோஷ்டி வசதியாக மறந்துபோகிற விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. சட்டம் கேட்டது அரசாங்கப் பதிவேட்டில் ஒரு பெயர். டிவி கேமரா முன்னால் நின்று கழற்றச் சொல்லி எந்தப் பிரிவிலும் இல்லை. அது ஸ்டார்க் தன் கட்சிக்குத் தேடிக்கொண்ட விளம்பரம். பதிவு செய்வது வேறு, பறைசாற்றுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் பதினெட்டு வருஷத்துக்கும் மேலாக இந்தச் சண்டை முடியவில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆனது? டெய்லி பியூகிள் பத்திரிகை பீட்டர் மேல் வழக்கு போட்டது. தன்னைத் தானே படமெடுத்து முதலாளியிடம் விற்றுக் காசு பார்த்திருக்கிறானே! (காமர்ஸ் படிக்கிறவர்கள் கண்ணுக்கு இது அப்பட்டமான மோசடிதான். ஜேம்சன் பக்கம் நியாயம் இருப்பது இந்த ஒரு இடத்தில் மட்டும்.) அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 2007ல் சிறையில் இருந்த கிங்பின் ஆள் ஏவி பீட்டரைச் சுடச் சொல்கிறான். குண்டு பாய்ந்தது மே பெரியம்மா மேல்.

(ஒரு சின்னத் திருத்தம். பலர் 'மே அத்தை' என்கிறார்கள். பென், பீட்டரின் அப்பாவுக்கு அண்ணன். அப்படியானால் மே பெரியம்மாதானே! ஆங்கிலத்தில் எல்லோரும் 'ஆண்ட்டி'யாக இருக்கலாம், தமிழில் முறை என்று ஒன்று இருக்கிறது.)

பெரியம்மாவைக் காப்பாற்ற பீட்டர் சாத்தான் மாதிரியான மெஃபிஸ்டோவிடம் பேரம் பேசி, மேரி ஜேனுடனான கல்யாணத்தையே கொடுத்துவிட்டு வருகிறான். கல்யாணமே நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. ரகசியமும் திரும்பிவிடுகிறது. 'ஒன் மோர் டே', 2007 முடிந்து 2008 பிறந்தபோது வந்த கதை. ரசிகர்கள் கொதித்தார்கள். எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கியே தன் பெயரை எடுத்துவிடலாமா என்று யோசித்ததாகச் சொன்னார். மட்டமான கதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மட்டமான கதைக்குள் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. வெளியே போன பெயரைத் திரும்ப உள்ளே கொண்டுவர மார்வெலுக்கே சாத்தான் துணை தேவைப்பட்டது. சினிமாவில் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் மந்திரம் போட்டு, உலகம் மொத்தமும் பீட்டரை மறக்க வேண்டியிருந்தது. நிஜத்தில் சாத்தானும் கிடையாது, மந்திரமும் கிடையாது.

"டோனி ஸ்டார்க் சொல்லலையா? அவர் தைரியசாலி!" என்பது அடுத்த வாதம். 2008 படத்தின் கடைசியில் நான்தான் அயர்ன் மேன் என்று சொன்னார், சரி. 2013ல் வந்த மூன்றாம் பாகத்தில் வீட்டு முகவரியையும் டிவியில் சொன்னார். வீடு என்ன ஆனது? ஏவுகணை வந்து கடலுக்குள் தள்ளியது. ஸ்டார்க்குக்கு அது ஒரு சொத்து, இன்னொன்று கட்டிக்கொள்வார். வாடகை வீட்டுப் பையனுக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே தைரியத்தைக் கேட்பது என்ன நியாயம்? ஒசூர் சிப்காட்டில் நிரந்தர வேலையில் இருப்பவர் மேனேஜரை எதிர்த்துப் பேசுவதும், அதே லைனில் நிற்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி பேசுவதும் ஒன்றா? ஒருவருக்கு மெமோ வரும். இன்னொருவருக்கு நாளைக்கு கேட்டிலேயே கார்டு வேலை செய்யாது. 2025 நவம்பரில் ஒசூர் பக்கம் ஒரு பெண் தொழிலாளர் விடுதியில் குளியலறையில் ரகசிய கேமரா இருந்தது தெரிந்ததும், பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டமாகத் திரண்டு வந்து போராடினார்கள். தனித்தனியாகப் பெயர் எழுதிப் புகார் கொடுங்கள் என்றால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? கூட்டமும் ஒரு முகமூடிதான்.

இப்போது அந்தப் பழமொழிக்கு வருவோம். மடியில் கனம், வழியில் பயம்.

சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி, ஒசூர் வழியாக பெங்களூரு போகிற நெடுஞ்சாலையில் தினமும் எத்தனையோ லாரி, எத்தனையோ கம்பெனி பஸ். இது வாஜ்பாய் காலத்து தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் ஒரு பகுதி. அதே திட்டத்தில் பீகார் பக்கம் வேலை பார்த்தவர் சத்யேந்திர துபே. கான்பூர் ஐஐடியில் படித்த இளம் எஞ்சினியர். ஒப்பந்தங்களில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு நேராகக் கடிதம் எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி அதிலேயே கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு சேர்ந்து துறை துறையாக, மேஜை மேஜையாகப் போனது. 2003 நவம்பர் 27 விடியற்காலை கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையடிக்க வந்தவர்கள் செய்தது என்று சிபிஐ சொன்னது, அதன்படியே 2010ல் தண்டனையும் கொடுக்கப்பட்டது. சந்தேகப்பட்டவர்கள் இன்னமும் சந்தேகப்படுகிறார்கள். கொலைக்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ரகசியம் கேட்டு எழுதியவரின் பெயர் ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றியது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை.

அவர் மடியில் என்ன கனம் இருந்தது? கனமெல்லாம் ஒப்பந்தக்காரர்கள் மடியில் இருந்தது. பயம் இவர் வழியில் வந்தது. பழமொழி சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எதிர்க்கட்சியின் கையில் ஒரு நல்ல அம்பு இருக்கிறது. முகமூடிக்குள் இருக்கும் அதிகாரம் யாருக்குக் கணக்குக் காட்டும்? 2018ல் வந்த தேர்தல் பத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. அந்த முகமூடி கிழிந்ததில் யாருக்கு வருத்தம்? ஸ்பைடர்மேனும் சுவரில் ஏறிக் குதித்து ஆளைத் தூக்கி எறிகிறவன்தானே, அவனுக்கு மட்டும் என்ன சலுகை?

சலுகை வேண்டாம். அவன் தப்பு செய்தால் விசாரிக்க ஒரு நீதிபதிக்கு அவன் பெயர் தெரிந்தால் போதும். கிங்பினுக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? ஒரு கம்பெனி தன் கணக்கை ஆடிட்டருக்குத் திறந்து காட்டுகிறது, பங்குதாரருக்கு அறிக்கை அனுப்புகிறது. அதற்காக கேஷியர் வீட்டுச் சாவியை நோட்டீஸ் போர்டில் மாட்டுவதில்லை. கேட்க வேண்டியது பணத்தின் கணக்கு, அடியின் கணக்கு. பெரியம்மா எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது கணக்கில் சேராது.

ஆனால் பதிவேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடிகிறதா? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி போலீசில் புகார் கொடுத்தார். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டமே இருக்கிறது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ, இப்போது நியாய சன்ஹிதாவில் 72. அப்படியிருந்தும் எஃப்ஐஆர் மாணவியின் விவரங்களோடு இணையத்தில் கிடைத்தது. தொழில்நுட்பக் கோளாறாம்! சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, 25 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட குழுவையும் அமைத்தது. கேப்டன் அமெரிக்கா சண்டை போட்டது இந்தப் பயத்துக்காகத்தான். இன்றைக்குப் பூட்டி வைத்த பெயர் நாளைக்கு யார் கையில் இருக்கும்?

இதையெல்லாம் ஒசூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது இந்தி, ஒடியா என்று நாலு பக்க ஜனமும் வந்து குவிகிற ஊர் இது. அடுத்த வீட்டில் யார் என்று கேட்காத ஊர். சொந்த கிராமத்தில் வாழ முடியாதவர்கள் இங்கே வந்து வாடகைக்கு வீடு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு இளம் ஜோடியும் 2018ல் அப்படித்தான் ஒசூரில் இருந்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் பெண் வீட்டார் கண்ணில் பட்டார்கள். சில நாள் கழித்து ஜூஜூவாடி எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், காவிரியில் கை கால் கட்டிய நிலையில் உடல்கள் கிடைத்தன. தைரியம் இல்லாதவர்களா அவர்கள்? தைரியம் இருந்ததால்தானே கல்யாணம் செய்தார்கள்!

இவ்வளவுக்கும் பிறகு, சிறப்புத் திருமணச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கல்யாணம் செய்யப் போகிறவர்களின் பெயர், முகவரி எல்லாவற்றையும் பதிவாளர் ஆபீஸில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். 30 நாள் காத்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். 1954ல் எழுதியது. டோனி ஸ்டார்க்கின் பிரஸ் மீட்டாவது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பழைய வாசகர்களுக்கு இதெல்லாம் முன்பே புரிந்திருந்தது. ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள், "மாயாவி ஏன் முகத்தைக் காட்ட மாட்டேங்கிறார், அவர் என்ன கோழையா?" என்று பட்டிமன்றம் நடத்தவில்லை. லீ ஃபாக் 1936ல் உருவாக்கிய ஆள், இன்றுவரை வாசகனுக்கே முகம் காட்டியதில்லை. யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியோ மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துபோவார், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அவர் செய்கிற வேலை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. அது போதாதா?

துபே இறந்த பிறகு எழுந்த கூச்சலில், ஊழலை அம்பலப்படுத்துபவர்களின் பெயரைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்றார்கள். பதினொரு வருஷம் இழுத்து 2014ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது. அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பு மட்டும் பத்து வருஷம் கடந்தும் வரவில்லை. பீட்டர் பார்க்கரை முகமூடியைக் கழற்றச் சொல்கிறவர்கள், தங்கள் சொந்தப் பெயரில், சொந்த முகவரியில், ரோடு போட்ட கான்ட்ராக்டரைப் பற்றி ஒரே ஒரு மனு எழுதி கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வரட்டும். மற்றதை அப்புறம் பேசலாம்.