மூன்று எண்களின் விலை

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னையின் கொடி ஏறியது முதல் செப்டம்பர் 8ஆம் நாள் திருநாள் நிறைவுறும் வரையில், காவி உடுத்துப் பல நாள் நடந்து வந்தவர்களும், ரயிலிலும் பேருந்திலும் வந்திறங்கியவர்களும், மதபேதம் பாராமல் அக்கடற்கரை மணலில் மண்டியிட்டு நகர்ந்து தங்கள் பிரார்த்தனைகளை அன்னையின் திருமுன் சமர்ப்பிக்கிறார்கள். நோய் தீர வேண்டும், பிள்ளைப்பேறு வேண்டும், பிரிந்தவர் ஒன்றுகூட வேண்டும் என்ற வேண்டுதல்களுக்கிடையே கடன் தீர வேண்டும் என்பதும் ஒன்று. பயிர் பொய்த்த கடன், பெண்ணைக் கட்டிக்கொடுத்த கடன், வைத்தியக் கடன் என்று காவிரிப் பாசனப் பிரதேசத்தில் மானமுள்ள மனிதன் படுகின்ற கடன்களெல்லாம் அதில் அடங்கும். ஆனால் இவற்றுள் எதிலும் சேராததாய், வெளியில் சொல்ல வெட்கப்படுவதாய், வட்டிக்கு வாங்கிய பணமும் மனைவியின் தாலிக்கொடியும் எங்கே போயின என்று கேட்டால் தலைகுனிய வைப்பதாய் மற்றொரு கடன் நம் குடும்பங்களுக்குள் புகுந்திருக்கிறது. அதைத்தான் ஜனங்கள் ‘மூணு நம்பர்’ என்கிறார்கள்.

அறியாதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்லிவிடலாம். கேரள அரசு நடத்தும் லாட்டரியின் குலுக்கல் திருவனந்தபுரத்தில் பிற்பகலில் நடைபெறுகிறது. அதன் முதல் பரிசு எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் எவையோ அவற்றை முன்கூட்டிச் சொல்வதே இந்த ஆட்டம். அச்சடித்த சீட்டு இல்லை, அரசு முத்திரை இல்லை. தேநீர்க் கடையோரத்தில் நிற்கும் ஏஜெண்ட் ஒரு வெள்ளைத் துண்டுத் தாளில் எண்ணை எழுதிக் கொடுப்பார், அல்லது வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்வார். மூன்று எண்ணும் சேர்ந்து விழ வேண்டும் என்று காத்திருக்கப் பொறுமையற்றவர்களுக்காக ஏ போர்டு, பி போர்டு, சி போர்டு என்று ஒற்றை எண் பந்தயமும் உண்டு. கேரள அரசுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அதன் குலுக்கலை இவர்கள் பகடையாக மட்டும் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

இந்த நிலைக்கு நாம் வந்து சேர்ந்த சரித்திரத்தில் அரசுகளுக்கும் பங்கு உண்டு. 1967இல் கேரளம் தேசத்திலேயே முதன்முதலாக அரசு லாட்டரித் துறையை ஏற்படுத்தியது. மறு ஆண்டிலேயே அண்ணா தலைமையில் இருந்த தமிழக அரசும், விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற பிரசித்தமான விளம்பரத்தோடு பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தது. 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்தை ஆதாரமாகக் கொண்டு பரிசு வழங்கக்கூடாது என்று விதித்தது. எண்கள் குறையக் குறைய ஆசை மூளுவதும் அடிமைப்படுவதும் துரிதமாகும் என்ற அனுபவ ஞானம் அந்த விதியில் இருக்கிறது. பிறகு 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரி அனைத்தையும் தடை செய்தது. கடைகள் மூடப்பட்டன; சீட்டை வாங்கிப் பழகிய கை மட்டும் அப்படியே இருந்தது. கைபேசி வழியே புகுந்த சூதாட்டத்தைத் தடுக்க இயற்றிய சட்டத்தை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்ததும், நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் மறுபடியும் சட்டம் இயற்றப்பட்டதும், 2025இல் மத்திய அரசே பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ததும் சமீப காலச் செய்திகள். இத்தனை சட்டங்களுக்கு நடுவில்தான், 2019 டிசம்பரில், விழுப்புரத்து நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகள் உட்பட, இந்த மூன்று நம்பர் லாட்டரிக் கடனால் அழிந்துபோயிற்று.

சூது பாவம் என்று நமக்கு எவரும் சொல்லாமலில்லை. வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்தார்; பாண்டவர் கதை தெருக்கூத்தில் விடிய விடிய நடந்தது; நாட்டைத் தோற்ற நளன் சனியின் பிடியிலிருந்து விடுபட்ட தலம் என்று போற்றப்படும் திருநள்ளாறு நமக்கு அண்டையில்தான் இருக்கிறது. உபதேசத்தில் நமக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. எனினும் இந்த உபதேசிகள் எவரும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்; அது விலை. அரிசிக்கும் உரத்துக்கும் விலை கேட்டு, நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி வாங்குகிற நம் விவசாயி, இந்த ஒரு சரக்கை மட்டும் விலை கேளாமலே வாங்குகிறார், விற்பவரும் சொல்வதில்லை.

விலையைக் கணக்கிடப் பெரிய பாண்டித்தியம் தேவையில்லை. 000 முதல் 999 வரை மூன்றிலக்க எண்கள் ஆயிரம். அவற்றுள் ஒன்றே விழும். பத்து ரூபாய் கட்டினால் ஐயாயிரம் ரூபாய் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலுள்ள ஆயிரம் பேர் ஆயிரம் எண்களையும் ஆளுக்கொன்றாக எழுதினால் வசூல் பத்தாயிரம், பட்டுவாடா ஐயாயிரம். ஆகவே பத்து ரூபாய்ச் சீட்டு எழுதி வாங்கிய கணத்திலேயே ஐந்து ரூபாய்ச் சீட்டாகிவிடுகிறது. அந்த ஐந்து ரூபாய்தான் ஆட்டத்தின் விலை. நாள்தோறும் ஒரு சீட்டு வீதம் ஆயிரம் நாள், அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் வருஷம், இடைவிடாமல் எழுதி வந்தால் ஒரு முறையாவது விழுந்துவிடாதா என்று கேட்பவர் உண்டு. அப்படி எழுதுகிற நூறு பேரில் சுமார் முப்பத்தேழு பேருக்கு அந்த ஆயிரம் நாளிலும் ஒரு முறைகூட விழாது என்பதே கணிதம் கூறும் விடை.

இந்த ஆட்டத்தில் தோற்றவனை மறுநாளும் இழுத்து வருவது, ‘ஒரு நம்பர்ல போச்சே’ என்ற ஆதங்கம். நாம் 482 என்று எழுத, 487 விழுந்தால், அதிர்ஷ்டம் வாசற்படி வரையில் வந்து திரும்பியதாக மனம் பிரமை கொள்கிறது. ஆனால் எழுதிய எண்ணோடு இரண்டு இலக்கம் பொருந்தி ஒன்று மட்டும் மாறுபடுகிற எண்கள் இருபத்தேழு உண்டு. மூன்று இடங்களில் எதுவொன்றும் மற்ற ஒன்பது இலக்கங்களில் எதுவாகவும் மாறலாம் அல்லவா? ஒரு முறை வெல்வதற்கு இருபத்தேழு முறை மயிரிழையில் தோற்பது இந்த ஆட்டத்தின் சுபாவம். அதில் தெய்வ சங்கல்பமும் இல்லை, நாளைய வெற்றிக்கு அறிகுறியும் இல்லை.

இந்தப் பிரமையை மூலதனமாகக் கொண்டு பிழைக்கிற ஒரு வர்க்கம் இன்று தோன்றியிருக்கிறது. ‘கெஸ்ஸிங்’ என்ற பெயரில் கைபேசிக் குழுக்களிலும் காணொளிகளிலும் நாளைய எண்ணை இன்றே வழங்கும் ஆலோசகர்கள், கட்டம் போட்ட அட்டவணையைக் காட்டி, எந்த எண் எத்தனை நாளாக வரவில்லை, ஆகையால் எது வந்தே தீர வேண்டும் என்று சாஸ்திரம் பேசுகிறார்கள். குலுக்கல் இயந்திரத்துக்கு நேற்றைய ஞாபகம் கிடையாது. 1913 ஆகஸ்டு 18ஆம் தேதி மாண்டி கார்லோ சூதாட்ட மண்டபத்தின் சுழல் சக்கரத்தில் கறுப்பே தொடர்ந்து இருபத்தாறு முறை விழுந்தபோது, இனிச் சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். ஒவ்வொரு ஆலோசகரும் நாளொன்றுக்குப் பல எண்களைச் சொல்ல, அத்தகைய ஆலோசகர்கள் பலர் இருக்க, எவரேனும் ஒருவர் சொன்னது பலிப்பது தவிர்க்க முடியாதது. பலித்ததைப் பறையறைவதும் பலியாததை அழித்துவிடுவதுமே அவர்களுடைய வித்தை.

மற்றொரு வகை ஆலோசனை, தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு என்பது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஆட்டங்களில் நஷ்டம் ஒரே வெற்றியில் மீண்டுவிடும் என்று இதைச் சொல்வார்கள். பத்து ரூபாயில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனவர் பத்து முறை தொடர்ந்து தோற்றால், போனது 10,230 ரூபாய். பதினோராவது ஆட்டத்துக்கு அவர் கட்ட வேண்டியது 10,240 ரூபாய். அதை வென்றாலும் கிடைக்கும் லாபம் அந்தப் பழைய பத்தே ரூபாய். கை வறண்டுபோகும் எல்லை ஆடுபவருக்கு உண்டு, ஆட்டத்தை நடத்துபவருக்கோ அது வெகுதூரத்தில் இருக்கிறது என்பதை இந்த யோசனை மறைத்துவிடுகிறது.

இனி விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். கோவாவில் பணஜி நகரத்து மாண்டவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல்களையும், கொழும்பு, சிங்கப்பூர் முதலிய இடங்களிலுள்ள கேசினோக்களையும் பற்றி நம் இளைஞர்கள் இப்போது நிறையப் பேசுகிறார்கள். ஒற்றைச் சுழியம் கொண்ட ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். வென்றால் கட்டியதற்கு முப்பத்தைந்து மடங்கு லாபம். ஆகவே நூறு ரூபாய்க்குச் சராசரி நஷ்டம் 2 ரூபாய் 70 காசு. திருவிழாக் கூட்டங்களில் மறைவாக உருட்டப்படும் லங்கர் கட்டை ஆறு சின்னங்கள் கொண்டது. மூன்று கட்டை உருட்டி, நம் சின்னம் எத்தனை கட்டையில் விழுகிறதோ அத்தனை மடங்கு தரும் முறையில், ஆறில் மூன்று பாதிதானே என்று தோன்றும். ஆயினும் மூன்று கட்டையும் விழக்கூடிய 216 வகைகளில் 125இல் நம் சின்னம் தலைகாட்டாது. நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ எட்டு ரூபாய் நஷ்டம். நம் டெல்டாப் பிள்ளைகள் பிழைக்கப்போன சிங்கப்பூரில் சட்டபூர்வமாக நடக்கும் ‘ஃபோர் டி’ என்ற நான்கெண் ஆட்டத்தில், ஒரு வெள்ளிப் பெரிய பந்தயத்துக்கு முதல் பரிசு 2,000 வெள்ளி; இருபத்துமூன்று பரிசுகளையும் கூட்டிப் பத்தாயிரம் எண்களுக்குப் பங்கிட்டால் திரும்புவது 65.9 காசு, நஷ்டம் நூற்றுக்கு முப்பத்துநான்கு. மேலே சொன்ன நம் துண்டுச் சீட்டிலோ நஷ்டம் நூற்றுக்கு ஐம்பது; அதுவும் ஏஜெண்ட் சொன்ன சொல் தவறாமல் பணம் கொடுத்தால்.

கேசினோ உத்தமமானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே நிமிஷத்துக்கு நிமிஷம் சக்கரம் சுழல்வதால் சிறு நஷ்டமும் பெருகிப் பெருகி ஆளை விழுங்கிவிடும். சிங்கப்பூர் அரசே தன் குடிமக்கள் கேசினோவுக்குள் நுழைய நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும் என்று வைத்திருப்பதன் காரணமும் அதுதான். ஆயினும் ஒன்று தெளிவாகிறது: சீமான் ஆடும் ஆட்டத்துக்கு விலை மலிவு, நாற்று நடுகிறவளும் வலை இழுக்கிறவனும் ஆடும் ஆட்டத்துக்கு விலை கொள்ளை. ஏழையின் ஆசையே இந்தத் தேசத்தில் மிக அதிக வரிக்கு உட்பட்ட பண்டமாக இருக்கிறது, அந்த வரியும் எந்த கஜானாவுக்கும் போய்ச் சேருவதில்லை.

ஆடத் தெரிந்தவர்கள் இந்த விலையை எப்போதுமே அறிவார்கள். பெரிய புராணத்தில் வரும் மூர்க்க நாயனார், திருவேற்காட்டில் கைப்பொருள் தீர்ந்தபின் தலந்தோறும் சென்று கடைசியில் நம் குடந்தைக்கு வந்து, சூதாடி ஈட்டியதைக் கொண்டு அடியவர்க்கு அமுது படைத்தவர். முதல் ஆட்டத்தில் தாம் தோற்றுக் கொடுத்து, எதிரியின் ஆசையைக் கிளப்பிவிட்டு, அடுத்தடுத்த ஆட்டங்களில் வெல்வது அவர் வழக்கம் என்று சேக்கிழார் கூறுகிறார். அவர் அந்தப் பொருளைத் தமக்கென்று தொடாத பக்தர். புதிதாகச் சேருபவருக்கு இலவசப் பணம் கொடுத்து முதல் சில ஆட்டங்களைச் சுவைக்க வைத்த இணைய ரம்மி நிறுவனங்களுக்கோ அப்படிப்பட்ட விரதம் ஏதும் இருந்ததில்லை.

விவசாயமே ஒரு சூதாட்டந்தானே, இதில் மட்டும் என்ன தோஷம் என்று நம் பக்கத்தில் வேதனையோடு கேட்பவர்கள் உண்டு. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று ஏங்கி, திறந்தால் கடைமடைக்கு வந்து சேருமா என்று ஏங்கி, வந்தாலும் 2018 நவம்பரில் கஜா புயல் வந்ததுபோல் ஓர் இரவில் தென்னையும் பயிரும் போய்விடுமோ என்று அஞ்சி வாழ்கிறவர்களின் கேள்வி அது. அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். பயிரில் உள்ள ஆபத்து இயற்கை விதித்தது, அதைத் தாங்கினால் ஊருக்கு நெல் கிடைக்கிறது. சீட்டில் உள்ள ஆபத்து ஒருவர் லாபத்துக்காக இட்டுக்கட்டியது, அதைத் தாங்கினால் எவருக்கும் ஒரு மணி நெல்லும் கிடைப்பதில்லை. ஆபத்தோடு வாழ்பவனுக்கு வேண்டியது அதைக் குறைக்கும் ஏற்பாடு. சிறு தொகை கட்டி, பெரு நஷ்டம் வந்தால் ஈடு பெறுகிற பயிர்க் காப்பீடு அத்தகையது. அதன் இழப்பீடு காலத்தில் கைக்கு வந்து சேராமல் இழுபறிப்படும்போது, அந்த ஏமாற்றத்தின் இடைவெளியில்தான் துண்டுச் சீட்டுக்காரர் வந்து நிற்கிறார். ஆகவே காப்பீட்டை ஒழுங்காக நடத்துவதும் சூதை ஒழிக்கும் காரியமே.

வேளாங்கண்ணிக்கு வருகிறவர்களின் நேர்த்திக்கடனையும் பந்தயத்தையும் ஒன்றென்று எண்ணுவோரும் உளர். நேர்த்திக்கடன் காரியம் கைகூடிய பிறகு நன்றியோடு செலுத்துவது. பந்தயப் பணமோ ஒவ்வொரு நாளும் முன்கூட்டியே கட்டித் தொலைப்பது. அன்னையிடம் எண் கேட்டு நிற்பவர் இந்த வித்தியாசத்தைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

தடைச் சட்டம் வேண்டாம் என்பது என் வாதமல்ல. 2003ஆம் ஆண்டின் தடை சரியானதே. ஆனால் தெருமுனையில் சீட்டெழுதுகிற கூலியாளைப் பிடித்துச் செய்தித்தாளில் படம் போடுவதோடு நின்றுவிடாமல், வசூல் போய்ச் சேருகிற மேல்தட்டையும், எண் கணிப்பதாகச் சொல்லி ஆள் சேர்க்கிற கைபேசி ஆலோசகர்களையும் காவல்துறை தொடர வேண்டும். நம் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் நிகழ்தகவு என்ற பாடம் இருக்கிறது. நாணயத்தைச் சுண்டியும் பகடையை உருட்டியும் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறக்கப்படுகிற அந்தப் பாடத்தில், மூன்று நம்பர் சீட்டின் கணக்கையும், அந்த இருபத்தேழு மயிரிழைத் தோல்விகளையும் சேர்த்துவிட்டால், மாணவன் வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைக்கும். பாவத்தைப் பற்றிக் கேட்டால் தகப்பன் கோபித்துக்கொள்வார். ‘அப்பா, பத்து ரூபாயில் ஐந்து ரூபாயை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?’ என்று கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.