சுரங்கத்தில் இறங்கிய தாய்மார்



வெள்ளிமலைச் சரிவில் விறகுச் சுமையுடன் இறங்கும் தாய்மாரைக் காணுந்தோறும், ஜாரியா, ராணிகஞ்ச் சுரங்கங்களில் கரிக்கூடை சுமந்த பெண்கள் என் நினைவில் எழுவர்.

பெண்களைப் பூமிக்கடியில் வேலைக்கு இறக்கலாகாது என்னும் தடை 1937-இல் முழுமையாயிற்று. இரண்டாம் உலகப்போர் அதனைக் கலைத்தது. இரயிலுக்கும் ஆலைக்கும் நிலக்கரி வேண்டும். சுரங்கத் தொழிலாளரோ விமானத்தளமும் சாலையும் அமைக்கும் இராணுவப் பணிகளில் கூடுதல் கூலி கண்டு அங்கே சென்றுவிட்டனர். 1943-இல் உற்பத்தி சரிந்தது. அவ்வாண்டே அரசு தடையை நீக்கிற்று! ஆடவர் வெட்டிய கரியைப் பெண்கள் கூடையில் சுமந்தனர்.

1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் இதற்குக் கண்டனம் எழுந்தது. அன்று தொழிலாளர் துறையை ஏற்றிருந்த டாக்டர் அம்பேத்கர், இது தற்காலிக ஏற்பாடே என்றும், பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகரான கூலி உண்டென்றும் விடையிறுத்தார். நிகர்கூலி நல்லதுதான். ஆயினும், கரி வெட்டுவோரின் கூலியை முன்னமே உயர்த்தியிருந்தால் ஆண்கள் ஏன் சுரங்கத்தை விட்டுச் சென்றிருப்பர்? இவ்வினா என்னை விடுவதில்லை.

1945-இல் போர் ஓய்ந்தது. அதன்பின்னும் சில திங்கள் அப்பெண்கள் கீழேயே உழைத்தனர். 1946 பிப்ரவரியில்தான் தடை மீண்டது.