சேடிலைக் கழற்றுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேட்டை ரைஃபிளை டிரைபாட்டில் பொருத்துவதற்கு 'எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்' என்று எழுதி ஒரு சேடில் கிளாம்ப் விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள். வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். இதைப் படிக்கிறவர்களில் ஒருவர்கூட ரைஃபிள் வைத்திருக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் என்ன? ராக்கெட் விடாதவர்கள்தான் ராக்கெட் பற்றிய கட்டுரைகளையும் படிக்கிறார்கள்.

நான் கொலராடோவில் இருக்கிறேன். பகலில் கோட் அடிப்பது பிழைப்பு. எச்1பி விசாவில் இருப்பவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். ஆனால் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருப்பதைச் சொன்னவர் என் முதல் டீமில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். வயோமிங்கில் மாட்டுப் பண்ணைக் குடும்பம். நேரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், வீட்டில் மனைவியிடம் 'கிழவர்' என்பேன். அவர் சொல்லித்தான் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் அந்த அட்டை இல்லாமல் கொலராடோவில் உரிமம் வாங்க முடியாது. மேலுடம்பில் 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளீர் ஆரஞ்சோ பளீர் பிங்க்கோ தெரிய வேண்டும். 1999 முதல் மான் உரிமம் முழுக்கக் குலுக்கல்தான். எனக்கு மூன்றாவது முறை விழுந்தது.

மாநிலத்தின் வடமேற்கு மூலை. மரம் குறைவு. இடுப்புயரம் சேஜ் புதர், சாம்பல் பச்சையில் மைல்கணக்கில். படுத்துச் சுடலாம் என்றால் கண்ணுக்கு முன்னால் புதர் மட்டும்தான் தெரியும். குழலுக்கடியில் மாட்டும் இரண்டு கால் பைபாட் இங்கே வெறும் அலங்காரம். நின்றோ உட்கார்ந்தோதான் சுட வேண்டும், அதற்கு டிரைபாட் தேவை. தவிர, வேட்டை நாளில் பத்து மணி நேரம் என்றால் ஒன்பதே முக்கால் மணி நேரம் பைனாகுலரில் பார்ப்பதுதான் வேலை. அதையும் டிரைபாட்டில் மாட்டினால்தான் எதிர்ச் சரிவில் படுத்திருக்கும் மானின் காது நுனி கண்ணில் படும். மேற்கு அமெரிக்க வேட்டைக்காரன் தோளில் டிரைபாட் வந்த கதை இதுதான்.

நான் சேடில் வாங்கினேன். ரைஃபிளில் ஓட்டை போட வேண்டாம், ஸ்க்ரூ முடுக்க வேண்டாம். ரப்பர் பூசிய இரண்டு தாடைகள், நடுவில் ஒரு திருகு. முன்கட்டையை உள்ளே வைத்து இறுக்கினால் முடிந்தது. கிழவர் பார்த்தார். "இதை வைத்து ஜீரோ பண்ணினாயா?" என்றார். பண்ணவில்லை. ரேஞ்சில் மேஜைமேல் மணல் மூட்டை வைத்து 100 கஜத்தில் பண்ணியிருந்தேன், மூன்று குண்டும் ஒரு அங்குலத்துக்குள். "ரொம்ப நன்றாக இருந்தது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம், 240 கஜத்தில் ஒரு ம்யூல் மான். இடது பக்கம் பார்த்து நின்றது. ஸ்கோப்பின் குறுக்குக் கோடு முன்னங்காலுக்குப் பின்னால் கல்லில் செதுக்கியதுபோல அசையாமல் நின்றது. அவ்வளவு நிதானமாக நான் எதையுமே குறிபார்த்ததில்லை. சுட்டேன். மான் முதுகைக் கூன் போட்டது. துள்ளவில்லை, விழவில்லை. கூன் போட்டபடியே நடந்து ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கியது. கிழவர் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல், "வயிறு" என்றார்.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் வலியோடு மைல்கணக்கில் ஓடும், பிறகு கிடைக்கவே கிடைக்காது. விட்டால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும், மணிக்கணக்கில் சாகும். காத்திருந்தோம். இருட்டியதும் டார்ச்சோடு போனோம். ரத்தம் சொட்டுச் சொட்டாக, அதில் பச்சையாக அரைத்த தழை. பனி விழ ஆரம்பித்துத் தடம் மறைந்தது. மறுநாள் காலை அண்டங்காக்கைகள்தான் இடத்தைக் காட்டின. கொயோட்டிகள் பின்பாதியை முடித்திருந்தன. என் உரிமச் சீட்டை அதில் கட்டினேன்.

அடுத்த வாரம் அதே ரைஃபிள், அதே குண்டு, அதே 100 கஜம். மணல் மூட்டையில் வைத்தால் நடுப்புள்ளி. சேடிலில் இறுக்கினால் வலது பக்கம் மூன்றரை அங்குலம். மூன்று குண்டும் ஒரே இடத்தில், அழகாக, தப்பாக. 240 கஜத்துக்குக் கணக்குப் போட்டால் எட்டு அங்குலத்துக்கு மேல். இந்த மானுக்கு இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய 10 அங்குல வட்டம். நடுவிலிருந்து ஐந்து அங்குலம் தாண்டினால் அந்தப் பக்கம் வயிறு.

காரணம் எல்.கே.ஜி. இயந்திரவியல். நல்ல ரைஃபிளில் குழல் முன்கட்டையைத் தொடாமல் மிதக்கும். நடுவே காகிதம் நுழைகிற இடைவெளி இருக்கும். சுடும்போது குழல் அதிரும், தொடாதவரை ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி அதிரும். என் ரைஃபிளின் கட்டை மலிவுப் பிளாஸ்டிக். சேடிலில் ஒரு தாடை நிலையானது, மற்றது திருகில் நகர்வது. இறுக்கினால் கட்டை ஒரு பக்கமாக வளைந்து குழலைத் தொடும். எவ்வளவு வளையும் என்பது அன்றைக்கு என் விரல் எவ்வளவு திருகியது என்பதைப் பொறுத்தது. அதாவது ஒவ்வொரு முறையும் வேறு ரைஃபிள்.

இங்கேதான் என் தொழில்புத்தி விழித்துக்கொள்கிறது. எதனோடும் ஒட்டும் என்று விற்கப்படும் அடாப்டரை நம்பி ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பப்படாத என்ஜினியர் உண்டா? எல்லாவற்றோடும் பொருந்துகிற பொருளுக்கு எதைப் பற்றியும் எதுவும் தெரியாது. தெரியாததை இறுக்கத்தால் ஈடுகட்டும். கெட்டியான மரக்கட்டையோ அலுமினியச் சட்டமோ இருந்தால் சேடில் தப்பாது என்று சிலர் வாதிடுவார்கள். சரிதான். ஆனால் அந்தக் கட்டை வைத்திருப்பவனுக்கு சேடிலே தேவையில்லை, ரெயில் பூட்ட இடமிருக்கும். சேடில் யாருக்காக விற்கப்படுகிறதோ, அந்த மலிவுக் கட்டைக்காரனைத்தான் அது கவிழ்க்கிறது. என் கோபம் அதில்தான்.

அப்படியானால் எது? ஆர்க்கா ரெயில். முன்கட்டையின் அடியில் ஸ்க்ரூவால் நிரந்தரமாக முடுக்கிய ஒரு அலுமினியப் பட்டை, ஓரங்கள் சாய்வாகச் சீவப்பட்டது, அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். தமிழ்நாட்டில் என்ஜினியரிங் படித்தவர்களுக்கு முதல் வருஷ ஒர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கும். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு உளியால் மரத்தில் டவ்டெயில் வெட்டி, இடைவெளி தெரிந்தால் மரத்தூளும் ஃபெவிகாலும் வைத்து அடைத்து மார்க் வாங்குவோமே, அதே டவ்டெயில். ஆர்க்கா-ஸ்விஸ் கேமரா கம்பெனி. புகைப்படக்காரன் சட்டென்று கேமராவை மாட்டிக் கழற்ற வந்த பிடிமானம் இது. ஜிம் கார்பெட் கடைசியில் துப்பாக்கியை வைத்துவிட்டு கேமராவைத் தூக்கினார். இந்தப் பட்டை எதிர்த்திசையில் நடந்து வந்திருக்கிறது.

பிகாட்டினி ரெயில் பற்றிக் கேட்பீர்கள். நியூஜெர்சியில் இருக்கும் ராணுவக் கிடங்கின் பெயர் அது. 1995இல் ராணுவத் தரமாக எழுதப்பட்டது, மில்-எஸ்.டி.டி-1913. ஒவ்வொரு பள்ளமும் எத்தனை அகலம், எவ்வளவு இடைவெளி என்று வரைபடம் இருக்கிறது. ஆர்க்காவுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட வரைபடம் கிடையாது. ஆளாளுக்கு அளந்து நகல் எடுத்ததுதான். ஒரு கம்பெனி பட்டை இன்னொரு கம்பெனியின் லீவர் கிளாம்ப்பில் லொடலொட என்று ஆடும், அல்லது உள்ளேயே போகாது. டாக்குமெண்டேஷன் உள்ளதை விட்டுவிட்டு இல்லாததை ஒரு என்ஜினியர் சிபாரிசு செய்வதா? செய்கிறேன். பிகாட்டினி பள்ளம் பள்ளமாக நிற்கும், நினைத்த இடத்தில் நிற்காது. ஆர்க்காவில் வழுக்கிக்கொண்டே போய் ரைஃபிளின் எடை நடுவைப் பிடிக்கலாம். ஸ்கோப்போடு நாலரை ஐந்து கிலோ இருக்கும் சாமானை நடுவில் பிடித்தால் விரலால் திருப்பலாம். முன்னால் பிடித்தால் பின்பக்கம் தொங்கும், அதைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டே குறிபார்க்க வேண்டும். கூடவே, பைனாகுலருக்கும் அதே பட்டை. அதைக் கழற்றி ரைஃபிளை வைக்கச் சில நொடி போதும். லீவர் வேண்டாம், திருகுக் குமிழ் வைத்த கிளாம்ப் வாங்குங்கள். அளவு முன்பின்னாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும், தோள்வார் மாட்டித் திறந்தும் தொலையாது.

டிரைபாட் தலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பால் ஹெட் ஒரே பூட்டில் எல்லாத் திசையையும் கட்டும், அவிழ்த்தால் எல்லாமே ஒரே நேரத்தில் சரியும். குழல் எங்கே திரும்பும் என்று தெரியாத கணம் ஒன்று வரும். எனக்கு அது பிடிக்கவில்லை. நடுத்தண்டு வைத்த டிரைபாட்டைக் கல்யாண வீட்டு வீடியோக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இனி எதிர்த்தரப்பு. இரண்டு கட்சி இருக்கிறது, இரண்டோடும் எனக்குச் சண்டை.

முதல் கட்சிக்கு டிரைபாட்டே ஏமாற்று. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கழகத்தின் 'நியாய வேட்டை' என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு, கையால் தாங்கிச் சுடுபவன்தான் ஆண்பிள்ளை என்பார்கள். அந்தக் கழகத்தின் ஆட்சேபம் மிருகத்துக்குத் தப்பிக்க வாய்ப்பே தராத அதீதத் தொலைவின்மீது. கை நடுக்கத்தில் அறம் இருப்பதாக அது சொல்லவில்லை. நம்மூர்த் தினைப்புனத்தில் பரண் கட்டினான், ஆப்பிரிக்காவில் மூன்று கழியைச் சேர்த்துக் கட்டித் துப்பாக்கி வைக்கிறான். ஊன்றி நிற்பது பழைய புத்தி.

இரண்டாம் கட்சி ஆபத்தானது, பணமும் அதன் பக்கம். டிரைபாட்டை இறுக்கப் பூட்டினால் 800 கஜத்திலும் எல்க் விழும் என்று விற்கிறது. பூட்டியது அசையாது, உண்மை. காற்று அசையும். குண்டு போய்ச் சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும், அந்த நொடியில் மான் ஒரு அடி எடுத்து வைக்கும். எனக்கு 240 கஜத்திலேயே நடந்தது என்ன? குறுக்குக் கோடு அசையவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நம்பினேன். கையில் பிடித்திருந்தால் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், பயந்து இன்னும் நூறு கஜம் ஊர்ந்து போயிருப்பேன். இரும்பு என் பயத்தை எடுத்துவிட்டது, பிழையை அப்படியே வைத்துக்கொண்டது. டிரைபாட் இல்லாமல் எத்தனை தூரம் சுடுவீர்களோ, டிரைபாட் வந்த பிறகும் அதே தூரம்தான் என்று நான் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார்.

மூன்றாவதாக ஒரு கட்சி மதுரையில் இருக்கிறது. கல்லூரித் தோழன், நல்ல வாசகன், கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் கரைத்துக் குடித்தவன். போனில் இதையெல்லாம் சொன்னேன். "மாப்ள, மானைக் கொல்றதே தப்பு, இதுல எந்த கிளாம்ப்பா இருந்தா என்னடா?" என்றான். இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு அது சரியான பதில். இங்கே மாநிலமே எண்ணிக்கை பார்த்துச் சீட்டுக் கொடுக்கிறது, குளிர்காலத் தீனி போதாமல் சாவதும் மான்தான் என்று விளக்க ஆரம்பித்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். "சரி, தப்புன்னே வச்சுக்க. ஞாயித்துக்கிழமை கறி எடுக்கிற கடைல, கத்தி மொக்கையா இருந்தா நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கேட்டதில்ல மாப்ள" என்றான்.

ரெயிலைக் கிழவரின் கராஜில்தான் பூட்டினோம். பிளாஸ்டிக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கெட்டியான கட்டை ஒன்று வாங்கியிருந்தேன். டார்க் ரெஞ்சில் முடுக்கி, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை விட்டு இழுத்துப் பார்த்தோம், தடையில்லாமல் போனது. டிரைபாட்டில் மாட்டி மறுபடியும் விட்டோம், போனது. ரேஞ்சில் டிரைபாட்டில் வைத்தே ஜீரோ பண்ணினேன். நின்றபடி ஐந்து, உட்கார்ந்தபடி ஐந்து, பிறகு கழற்றி மாட்டி இன்னும் ஐந்து. கிழவர் பின்னால் நாற்காலி போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் குலுக்கலில் எனக்குச் சீட்டு விழவில்லை. அவருக்கு விழுந்திருக்கிறது. பைனாகுலரும் என் டிரைபாட்டும் போகின்றன, கூட நானும்.