மகள் மகளாகவே இருக்கட்டும்

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த அம்மாவை டிஸ்சார்ஜ் செய்யும் நாளில், மருந்துச் சீட்டோடும் ஸ்கேன் உறையோடும் இன்னொன்றும் வீட்டாரிடம் கொடுத்தனுப்பப்படுகிறது: "இனி வீட்டிலேயே பயிற்சி கொடுங்க." கேட்பவர்களுக்கு அது தெம்பூட்டும் சொல்லாகத்தான் படுகிறது. கண்டம் தாண்டியாயிற்று, மிச்சம் நம் கையில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் அந்த ஒரு வரியில் எவ்வளவு கைமாறுகிறது என்று பாருங்கள். கை காலை இயக்கப் பழக்குவது, உடுத்தவும் குளிக்கவும் மறுபடி கற்றுக்கொடுப்பது, பேச்சை மீட்பது, விழுங்கப் பழக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பட்டம் படித்துவிட்டு வருகிறவர்களின் வேலை, எந்தப் படிப்பும் இல்லாத ஒரு மகளிடமோ மருமகளிடமோ போய்ச் சேருகிறது. மாதங்கள் போயும் அம்மாவின் கை எழவில்லையென்றால் அவள் யாரையும் குறை சொல்வதில்லை. 'நான்தான் சரியாகச் செய்யவில்லையோ' என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். அந்தக் கேள்வியை மருத்துவ உலகம் முறையாகவே கேட்டுப் பார்த்திருக்கிறது, அதுவும் இந்தியாவிலேயே. கிடைத்த பதில் அவளைப் போன்றவர்கள் காதுக்கு வந்து சேரவில்லை.

அந்த ஆய்வின் பெயர் 'அட்டெண்ட்'. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியனும் சிட்னியைச் சேர்ந்த ரிச்சர்ட் லிண்ட்லேயும் அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். யோசனை நியாயமானது. நம் நாட்டில் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்டுகள் குறைவு. ஆனால் நோயாளியின் பக்கத்தில் எப்போதும் ஓர் உறவினர் இருக்கிறார். அந்த உறவினருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன? குலுக்கல் முறையில் பிரித்த பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு அதோடு கூடுதலாக, மருத்துவமனையில் இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி: எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படி எழுப்பி உட்கார வைப்பது, எந்தச் செயலை எப்படித் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது என்று. வீடு திரும்பிய பிறகும் இரண்டு மாதம் வரை அது தொடர்ந்தது. முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களும் பிறர் கையை நம்பி வாழ்கிறவர்களும் சேர்ந்து வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 47 சதவீதம். குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்த பிரிவிலும் அதே 47 சதவீதம்.

இது ஒற்றை ஆய்வின் விபத்து என்று தள்ளிவிடவும் முடியாது. 2004இல் லண்டனில் ஒரே மையத்தில் 300 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, பராமரிப்பவருக்குப் பயிற்சி கொடுத்தால் செலவும் மனச்சுமையும் குறைகின்றன என்று சொன்னது. எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க பிரிட்டனில் 36 பக்கவாதப் பிரிவுகளில் 928 நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் வைத்து நடத்தியபோது, 2013இல் வந்த முடிவில் எந்த வித்தியாசமும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து இந்தியாவிலும் அதுவே. இங்கே ஒரு மறுப்பு எழும்; அது வலுவான மறுப்பும்கூட. இந்தியாவில் எந்தப் பிரிவில் இருந்தாலும் அம்மாவைக் குடும்பம்தானே பார்த்துக்கொள்கிறது? பயிற்சி பெறாத வீட்டாரும் கை காலைப் பிடித்துவிட்டிருப்பார்கள், நடக்க வைத்திருப்பார்கள். ஆகவே இந்த ஆய்வு குடும்பத்தால் பயனில்லை என்று காட்டவில்லையே? உண்மைதான், காட்டவில்லை. குடும்பமே இல்லாத நோயாளிக்கும் இருக்கிற நோயாளிக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் இங்கே அளக்கவில்லை. அது காட்டுவது இதைத்தான்: இருக்கிற அன்புக்கும் உழைப்புக்கும் மேலே கொஞ்சம் பயிற்சியைத் தூவி, அந்தக் குடும்பத்தைச் சிகிச்சைக் குழுவுக்கு மாற்றாக நிறுத்திவிட முடியாது. வித்தியாசமில்லை என்ற இந்த முடிவு எனக்குப் பெரிய ஆறுதலாகப் படுகிறது. பயிற்சி பெற்ற வீடுகளிலும் ஏறக்குறைய பாதி நோயாளிகள் இறந்துபோனார்கள் அல்லது பிறர் கையை நம்பியே இருந்தார்கள் என்றால், எழாத கைக்குக் காரணம் அந்த மகளின் சோம்பலோ கவனக்குறைவோ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

உலகெங்கும் திரும்பத் திரும்பப் பலன் தந்திருப்பது எது என்றால், பக்கவாதத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்து, மருத்துவர், செவிலியர், தெரபிஸ்ட்டுகள் எல்லோரும் ஒரே குழுவாகக் கூடிப் பேசிச் செய்கிற சிகிச்சை. அப்படிப்பட்ட பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள் அதிகம் பேர் பிழைக்கிறார்கள், அதிகம் பேர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வருகிறார்கள். இதில் புதிய மாயமருந்து ஏதுமில்லை. எதை, எப்போது, எவ்வளவு என்று தெரிந்தவர்கள் சேர்ந்து செய்வதுதான் காரணம். அளவு தெரியாத ஆர்வம் கெடுதலும் செய்யும். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகம் நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் வீடுகளில் நம்புகிறோம். 2015இல் வெளியான 'அவெர்ட்' ஆய்வு ஐந்து நாடுகளில் 2104 பேரிடம் இதைச் சோதித்தது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நிற்க வைத்தவர்களில் மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான வேகத்தில் போனவர்களில் 50 சதவீதம். தேர்ந்த குழுக்களே அளவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் என்ன நடக்கிறது? கட்டிலிலிருந்து எழுப்ப, செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறோம். தசையின் பிடிமானம் போன தோளில் எலும்பு மெல்ல நழுவுகிறது. பிறகு அந்தத் தோள்வலியே பயிற்சிக்குத் தடையாகிவிடுகிறது. ரெண்டு வாய் கஞ்சியாவது உள்ளே போகட்டும் என்று சாய்ந்து படுத்திருக்கும் அம்மாவுக்கு ஊட்டுகிறோம். விழுங்கும் தசை சரிவர வேலை செய்யாதபோது அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய்விடுகிறது. பக்கவாதத்துக்குத் தப்பியவர்களைக் கொண்டுபோகும் காரணங்களில் அது முக்கியமானது. ஊட்டிய கை அன்பான கைதான். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஊட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியவர் சொல்லாததுதான் தவறு.

அப்படியானால் குடும்பம் விலகி நிற்க வேண்டுமா? கூடவே கூடாது. குடும்பத்தின் வேலை வேறு. அதை வேறு யாராலும் செய்யவும் முடியாது. இந்த அம்மாவுக்கு எது திரும்ப வேண்டும் என்று எந்தத் தெரபிஸ்ட்டுக்கும் தெரியாது. ஒருவருக்குப் பிறர் உதவியில்லாமல் புடவையின் கொசுவத்தைச் செருகிக்கொண்டால் போதும். இன்னொருவருக்குத் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், ஏனென்றால் அவர் வீட்டுக் கழிவறை அப்படிப்பட்டது. இன்னொருவருக்குத் தன் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டாலே மானம் காத்த மாதிரி. பயிற்சியின் இலக்கு இவையாக இருந்தால்தான் பயிற்சியில் மனம் நிற்கும். இந்த விவரங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டார் வேலை. சொல் வராமல் திணறும் அம்மாவின் வாக்கியத்தை முந்திக்கொண்டு முடித்துவிடாமல் காத்திருப்பதும் அவர்கள் வேலைதான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வீடுகளில் அதைப் பிடிவாதம் என்றோ 'முயற்சியே பண்ண மாட்டேங்கிறாங்க' என்றோதான் புரிந்துகொள்கிறோம். பழைய அம்மாவை அறிந்தவர்களுக்குத்தான் இப்போதைய மௌனம் அவர் இயல்பில்லை என்று தெரியும். மருத்துவரிடம் அதைச் சொன்னால் சிகிச்சை உண்டு. ஆனால் நாள் முழுவதும் "இன்னும் பத்து தடவைம்மா, கையைத் தூக்குங்க" என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்கும் மகளுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரம் ஏது? அம்மாவுக்கும் அவள் ஆறுதலாகத் தோன்றுவதில்லை, வாத்தியாராகத்தான் தோன்றுகிறாள். தோற்றால் மகள் முகம் வாடுமே என்று அஞ்சியே பயிற்சியைத் தவிர்க்கும் தாயும் உண்டு.

'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லும்போது குடும்பத்தில் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஒருவரைச் சம்பளமின்றிப் பராமரிக்கும் வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 27.6 சதவீதம், ஆண்கள் 14 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் செலவிட்டது 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம் என்றாலும் போக்கு தெளிவாகவே இருக்கிறது. அப்பா படுத்தால் பார்த்துக்கொள்ள பெரும்பாலும் அம்மா இருக்கிறார். அம்மா படுத்தால், அந்த வீட்டின் பராமரிப்பாளரே படுத்துவிட்டார். அவர் செய்துவந்த சமையலும், அப்பாவின் சர்க்கரை மாத்திரையும், பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் அடுத்த பெண்ணின் தலையில் ஏற, அதற்கு மேலே பயிற்சியும் ஏறுகிறது. அன்பு இருந்தால் இதெல்லாம் சுமையாகத் தெரியாது என்பார்கள். 1999இல் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் அமெரிக்காவில், நோயுற்ற துணையைப் பராமரிக்கும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: பராமரிப்பினால் அழுத்தத்துக்கு ஆளானவர்கள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். பராமரித்தும் அழுத்தம் உணராதவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. ஆகவே பராமரிப்பு ஆளைக் கொல்வதில்லை. தனியாக விடப்பட்ட பராமரிப்பு கொல்லக்கூடும். வெளியூரில் இருக்கும் அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புவது நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து ஒரு ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டால் தங்கை நிம்மதியாகத் தூங்குவாள். அதைச் செய்யாத குடும்பத்தை 'அம்மாவுக்குத் துணைநிற்கும் குடும்பம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வெளியாளா, அது நம் வழக்கமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரைப் பராமரிப்பது கடமை என்பதை 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. கடமையைச் சொன்ன சட்டம் அதைச் செய்ய ஒரு நாள் விடுப்புக்கூடத் தரவில்லை. ஜப்பானில் நோயுற்ற குடும்ப உறுப்பினர் ஒருவருக்காக 93 நாள் வரை பராமரிப்பு விடுப்பு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது, அதை மூன்றாகப் பிரித்தும் எடுத்துக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டு முதல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடும் அங்கே இருக்கிறது. பெற்றோரிடம் பாசம் குறைந்த சமூகம் என்று ஜப்பானை யாரும் சொல்ல மாட்டார்கள்.

தெரபிஸ்ட்டுகளே போதாத நாட்டில் இதெல்லாம் ஆகிற காரியமா என்பது கடைசி ஆட்சேபம்; நேர்மையானதும் அதுதான். பற்றாக்குறை உண்மை. ஆனால் பற்றாக்குறையை நிரப்ப மகளை நிறுத்தினால் பலன் இல்லை என்று பார்த்துவிட்டோமே. அந்தப் பழைய பதிலையே மறுபடி சொல்வது பற்றாக்குறையை மறைக்க மட்டுமே உதவும். மறுவாழ்வு மருத்துவம் நமக்கு அந்நியமானதும் இல்லை. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சைகள் செய்து, நியூயார்க் போய் இந்தத் துறையைப் படித்துத் திரும்பினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் அவர் முயற்சியால் எழுந்தது. படுத்த உடலை எழுப்புவது தனியொரு துறை, அதற்குத் தனிக் கட்டடமும் தனி ஆட்களும் வேண்டும் என்று தமிழ்நாட்டு மண்ணில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியாயிற்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது, அதை அகலப்படுத்தினால் போதும். பேச்சுக்கும் விழுங்குவதற்குமான தெரபிஸ்ட் அந்தக் குழுவில் சேர வேண்டும். கோபன்ஹேகனில் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், பக்கவாத நோயாளிகளில் 95 சதவீதம் பேர் அன்றாடச் செயல்களில் தாம் எட்டக்கூடிய நல்ல நிலையை ஏறக்குறைய முதல் மூன்று மாதத்துக்குள் எட்டிவிட்டார்கள். அதன் பிறகும் முன்னேறுகிறவர்கள் உண்டு. ஆனால் சிகிச்சை அதிகம் தேவைப்படும் காலம் அதுதான். நம் ஊரில் அந்த மூன்று மாதம்தான் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருப்பதில் கழிகிறது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரை வேளைகளுக்குப் பக்கத்திலேயே, முதல் முறை வீட்டுக்கு வரப்போகும் பிசியோவின் பெயரும் தேதியும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால், அதைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும்.