"ஓட ஓட சரியாகிடும்"னு சொல்றது டயக்னோசிஸ் இல்ல

1/ வாங்கி மூணு மாசம்தான். ஃபர்ஸ்ட் கியர் விழ மாட்டேங்குது, ரிவர்ஸ் போட்டா கர்ர்ருனு சத்தம். சர்வீஸ் சென்டர் பதில்: "புது வண்டி சார், ஓட ஓட சரியாகிடும்."

2/ நெஞ்சுவலின்னு வர்றவரைத் தொட்டுக்கூடப் பாக்காம "கேஸ்தான், போங்க"ன்னு நான் அனுப்பினா சும்மா விடுவீங்களா?

3/ சோதனை ரெண்டே நிமிஷம். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைச்சுட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. அப்போ சுலபமா விழுந்து, ஸ்டார்ட் பண்ணினா மட்டும் முரண்டு பிடிச்சா கிளட்ச் முழுசா விடலைன்னு சந்தேகப்படணும்: பெடலுக்கு அடியில மேட், ஹைட்ராலிக் லைன்ல காற்று. அணைச்சும் இறுக்கம்னா கேபிள், லிங்கேஜ். ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தா சிங்க்ரோனைசர்.

4/ என் வண்டியில லைன்ல காற்று. மூணாவது தடவை சண்டை போட்டப்புறம்தான் பாத்தாங்க.

5/ வாரண்டி முடியறதுக்குள்ள புகாரை ஜாப் கார்டுல எழுத வைங்க. கேஸ் ஷீட்ல இல்லாத நோய்க்கு யாரும் பொறுப்பில்ல.